செஞ்சிக்கு எடுத்துப்போன சேதி

இந்தியாவுக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பூர்வீகம் தேடிப் போகிறேன் என்று சொல்லிவைத்தேன். உடனே நம்பிவிட்டார்கள். மலேசியத் தமிழர் வாயிலிருந்து வந்தால் அந்தப் பொய் அப்படி எடுபடும். கிள்ளானில் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு மூன்று குடும்பம் போய், ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு பெரியவர் காலில் விழுந்து, சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. அவர்களை நான் கேலி செய்யாத நாளில்லை. பஞ்சம் தாங்காமல்தானே கொள்ளுத்தாத்தா கப்பலேறினார், அவர் விட்டுவிட்டு வந்ததை நாம் போய்க் கிளறுவானேன் என்பேன்.

உண்மையில் நான் போனது ஒருவனுக்குச் சேதி சொல்ல. நல்ல சேதி இல்லை.

நான் ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மேலே நெல்வயலும் வீடுகளுமாக இருக்கும், அடியில் வட்டமாக ஒரு சுரங்கம் ஓடும். அதற்குள் எலக்ட்ரான் ஒரு பக்கமாகவும், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் மறுபக்கமாகவும் சுற்றி வந்து மோதிக்கொள்ளும். மோதிய இடத்தில் இரண்டும் இல்லாமல் போய், அந்த ஆற்றலிலிருந்து வேறு துகள்கள் பிறக்கும். பிறந்த கையோடு செத்தும் போகும். கண்ணிமைக்கும் நேரமெல்லாம் அவற்றுக்கு ஒரு யுகம். எங்கள் கருவிவரை வந்து சேர்வது அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அவர்களை வைத்துக்கொண்டு, பெற்றது யார், என்ன எடை என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. பந்தி முடிந்த மண்டபத்துக்குள் போய், கிடக்கிற இலைகளைப் பார்த்து யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று சொல்வது மாதிரி. அம்மாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். எச்சிலையைப் பார்க்கவா இத்தனை வருசம் படித்தாய் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தரணேந்திரன் எங்களோடு அங்கே இருந்தவன். செஞ்சிக்காரன், தமிழ்ச் சமணக் குடும்பம். நான் மூத்தவள் என்பதால் முதல் நாளே அக்காவாகிவிட்டேன். பொழுது சாய்ந்தால் அவன் பச்சைத் தண்ணீருக்கு மேல் எதையும் தொடமாட்டான். ஜப்பானில் குளிர்காலத்துச் சூரியன் நாலரைக்கே மூட்டை கட்டிவிடும். கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் மதியச் சாப்பாடு செரிக்காமல் நெளிந்துகொண்டிருக்கும்போது இவன் ராத்திரிச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். ஜப்பான்காரர்கள் பார்க்காததுபோல் பார்ப்பார்கள்.

அவன்தான் அந்த மேட்டைக் கண்டவன். நாங்கள் கணக்கிட்ட எடைகளை வரைபடமாகப் போட்டால் வழுவழுவென்று சரிந்து இறங்கும் ஒரு கோடு வரும். அதில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தால், அந்த எடையில் இதுவரை யாரும் பார்க்காத துகள் ஒன்று இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். சும்மா தற்செயலாகவும் மேடு வரும். மெய்யா பொய்யா என்று தெரிய இன்னும் நிறைய மோதல்கள் வேண்டும். மெய்யானால் மேடு வளரும், பொய்யானால் கரையும். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தைப் புதுப்பிக்க நிறுத்தினார்கள். அவனுடைய ஒப்பந்தமும் முடிந்தது. ஊருக்குத் திரும்பி அப்பாவின் நெல் மண்டியில் உட்கார்ந்தான். புது டேட்டா வரும் வரைக்கும்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மேடு நின்றுவிட்டால் அவனை எடுத்துக்கொள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம் காத்திருந்தது. நிற்காவிட்டால் ஆயுசுக்கும் நெல்தான்.

புது டேட்டா வந்தது. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் மேடு இருக்கவேண்டிய இடத்தை மட்டும் மூடியே வைப்போம். அதைப் பெட்டி என்போம். ஆசைப்பட்டவன் கண்ணுக்கு இல்லாததும் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. மற்றதையெல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு, ஒரு நாள் எல்லோரும் கூடிப் பெட்டியைத் திறப்போம். திறந்த பிறகும் அறிவிக்கும் நாள்வரை வெளியாளிடம் மூச்சு விடக்கூடாது. முகத்தில்கூடக் காட்டக்கூடாது. தரணி இப்போது வெளியாள்.

திறந்தோம். மேடு இல்லை. பூசி மெழுகிய தரை மாதிரி சமமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு. மண்டியில் நெல்லுக்கு நடுவே உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அவன் தன்னந்தனியாக அதைப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் குழுத் தலைவரிடம் போய் நின்றேன். "வெள்ளிக்கிழமை அவரே பார்த்துக்கொள்வார். அதுவரை அவரை நிம்மதியாக விடுங்கள்" என்றார் ஜப்பானிய மொழியில். கல்நெஞ்சக்காரன் என்று தமிழில் நினைத்துக்கொண்டு, விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை செஞ்சிக்குப் பேருந்து ஏறினேன். கண்டக்டரிடம் நாலு தடவை செஞ்சி செஞ்சி என்று சொல்லிவைத்தேன். அவரும் நாலு தடவை தலையாட்டினார். திண்டிவனம் தாண்டியதும் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது பக்கத்து இருக்கைப் பெண் பூத்தொடுத்துக்கொண்டே, செஞ்சி போயி இன்னா நேரம் ஆவுது என்றாள். கண்டக்டரிடம் பாய்ந்தேன். "ஊரு வந்துச்சின்னு ரெண்டு வாட்டி கத்தனனேம்மா, நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்த" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். கிள்ளானில் எந்த டிரைவரும் என் குறட்டையைப் பற்றிப் பேசியதில்லை. நடு ரோட்டில் இறங்கி, எதிரே வந்த லோடு வண்டியில் ஆடுகளோடு ஆடாகத் திரும்பி வந்தேன்.

வரும் நேரத்தை மட்டும் போனில் சொல்லியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் தரணி வெயிலில் நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். நானே கூடுதலாகச் சிரித்து, பூர்வீகம் தேடி வந்தேன், அப்படியே உன்னையும் பார்க்கலாமென்று... என இழுத்தேன். அவன் என் மேலிருந்த ஆட்டு முடியைத் தட்டிவிட்டு, "வாங்கக்கா. இருட்டறதுக்குள்ள சாப்டணும்" என்றான்.

ஐந்தரை மணிக்கு இலை போட்டுவிட்டார்கள். அவன் மனைவி பத்மா பரிமாறினாள். பீர்க்கங்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், மிளகு ரசம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு வகை எதுவும் இல்லை. ருசி என்னவோ அபாரம். மண்ணுக்குள் விளைவது ஆகாது என்றால் தட்டில் வறுத்த மல்லாட்டை எப்படி வந்தது என்று வேர்க்கடலையைக் காட்டி வம்புக்கு இழுத்தேன். அது கொட்டை, கிழங்கா என்று பத்மா ஒரே அடியில் என் வாயை அடைத்தாள்.

தரணியின் அப்பாவை அந்த வீட்டில் எல்லோரும் நைனா என்றார்கள். நானும் நைனா என்றேன். வெள்ளை வேட்டி, தும்பைப்பூ மீசை, உரத்த குரல். பூர்வீகம் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கொள்ளுத்தாத்தா பேர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வாயில் வந்தபடி முனுசாமி என்றேன். அதோடு விட்டிருக்கலாம், இந்தப் பக்கம்தான் என்று பாட்டி சொன்னதாகவும் சேர்த்துவிட்டேன். "கவலய வுடு பாப்பா, ரெண்டு நாள்ல புடிச்சிடலாம்" என்று அப்போதே போனை எடுத்தார்.

எட்டு மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போட்டது. காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், முட்டை பரோட்டா இரண்டு தின்றேன். கடைக்காரர் சால்னாவை ஊற்றிக்கொண்டே எந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். நெல் மண்டிக்காரர் வீடு என்றேன். காலையில் பத்மா காபியை வைத்துவிட்டு, "பரோட்டா நல்லா இருந்துச்சாக்கா?" என்றாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

புதன்கிழமை காலையே வாசலில் இரண்டு முனுசாமி குடும்பங்கள் வந்து நின்றன. ஒரு வீட்டில் சிங்கப்பூர் போனவர், இன்னொரு வீட்டில் பர்மா போனவர். ஓர் அம்மா என் மூக்கைப் பிடித்துப் பார்த்து, எங்க வூட்டு மூக்குதான் என்று அழுதே விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். தரணி தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டிக்குக் கூட்டிப்போனான். நெல் தூசி மூக்கில் ஏறித் தும்மல். தராசுக்குப் பக்கத்தில் மேசை, மேசைமேல் சாம்பிள் நெல் குவியல் குவியலாக, அந்தக் குவியல்களுக்கு நடுவே அவனுடைய பழைய லேப்டாப். ஒரு விவசாயி மூட்டையை அவிழ்த்தார். தரணி ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வெயில் காட்டணும் அண்ணே என்றான். கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தான். யாரோ எழுதிய புதுக் கட்டுரை ஒன்று. ஒரு பக்கம் படிப்பதற்குள் அடுத்த மூட்டை வந்தது.

அவன் தராசுக்குப் பக்கத்தில் நின்றபோது நைனா என்னை வாசலுக்கு அழைத்து, மேலே மாட்டியிருந்த தகரப் போர்டைக் காட்டினார். அவர் பெயர் மட்டும் இருந்தது. பாதிப் போர்டு காலி. "பேரு எழுத ஆளக் கூப்பிட்டா, இரு நைனா பாத்துக்கலாம்ங்கறான். இன்னாத்த பாக்கறது? வெள்ளிக்கெழம ஏதோ தெரியப்போவுதாமே. நீ அந்த ஆபீசுலதான கீற. நல்லபடியா வந்துடுமில்ல?" என்றார். வந்தால் மகன் போய்விடுவானே, பரவாயில்லையா என்று கேட்டேன். போனால் போகட்டும், ஆசைப்பட்டுவிட்டான் என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கரும்புச் சாறு வாங்கிவருகிறேன் என்று தெருவில் இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தால் மண்டியில் சத்தமில்லை. மண்டிக்கு வழக்கமாக நெல் போடும் பனமலை விவசாயி ஒருவர் இறந்துவிட்டார் என்று வாட்சாப்பில் சேதி வந்திருந்தது. மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டு ஒரு வண்டியில் கிளம்பினோம். என்னை வீட்டில் விடத்தான் நினைத்தார்கள், நான்தான் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். தரணியிடம் தனியாகப் பேச நேரம் கிடைக்கும் என்ற கணக்கு. வழியெல்லாம் நைனா வாட்சாப்பைத் திட்டிக்கொண்டு வந்தார். "சாவ போன்ல போடறானுங்க. அதுக்கு ஒரு பூப்படம் வேற. ஒரு ஆளு வந்து எதிர்ல நின்னு சொல்ற சேதி அது." தரணி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவு வீட்டு வாசலில் இறங்கும்போது நைனா என் காதில், கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் வந்துவிடணும் என்றார். எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான் என்றேன். பேரை மறந்தாலும், ஊரை மறந்தாலும், சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதைக் கப்பலில் பத்திரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நைனாவுக்கு ரொம்பத் திருப்தி. அப்ப நீ இந்தப் பக்கம்தான் என்றார்.

மாலை போட்டுவிட்டு அவர் ஆண்களோடு உட்கார்ந்தார். நானும் தரணியும் ஏரிக்கரைக்கு வந்தோம். குன்றின்மேல் கோயில், கீழே பாதித் தண்ணீரோடு ஏரி, கொக்குகள். இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தரணி, ஒரு விஷயம் சொல்லணும்."

"ஆய்வுக்கூடத்து விஷயமாக்கா?"

"ஆமா."

"பொட்டி தெறந்தாச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப சொல்லாதீங்க. நான் இப்ப வெளியாளு. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி சொன்னா ஒங்க வேலைக்கு ஆபத்து. நானே எத்தினி பேர அதுக்காகத் திட்டியிருக்கேன்."

விதி தெரிந்தவனிடம் விதியை உடைக்க முடியுமா? உடைக்கத்தானே ஜப்பானிலிருந்து வந்தேன், உடைத்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். கொக்குகளைப் பற்றி ஏதோ கேட்டேன். அவனும் கொக்குகளைப் பற்றி ஏதோ சொன்னான்.

வியாழக்கிழமை அவன் படித்த அரசுப் பள்ளியில் பாராட்டு விழா. அதுவும் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாளில். வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லியும் கூடப் படித்தவர்கள் கேட்கவில்லையாம். மேட்டைப் பார்த்தான் என்ற சேதி ஊரில் சுற்றிச் சுற்றி, துகளைக் கண்டுபிடித்தான் என்றாகி, கடைசியில் பள்ளி வாசலில் பேனராகத் தொங்கியது. அணுவுக்குள் அணு கண்ட செஞ்சியின் மைந்தனே வருக. பேனரில் அவனுக்குக் கோட்டு சூட்டெல்லாம் போட்டிருந்தார்கள். கண்டுபிடித்தவன் என்று சொல்ல எங்கள் தொழிலில் எத்தனை வருசம், எத்தனை பேர், எத்தனை சந்தேகம் வேண்டும்! இங்கே ஒரு பிரிண்டிங் கடைக்காரர் அரை நாளில் முடித்துவிட்டார்.

முன் வரிசையில் நைனா புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்மா, அவளுக்குப் பக்கத்தில் நான். நாளை மதியம் இல்லையென்று ஆகப்போகும் ஒன்றுக்கு இன்று சால்வை. இவனை இந்த மேடையில் ஏறவிட்டுவிட்டேனே, ஏரிக்கரையில் வாயை அடைத்தாலும் கத்தியாவது சொல்லியிருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் சால்வையோடு எழுந்தார். தரணி, முதலில் இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று மைக்கைப் பிடித்தான். அவன் மேடைப் பேச்சாளன் இல்லை. மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். பிறகு பிள்ளைகளைத் திரும்பி மலையைப் பார்க்கச் சொன்னான். மைதானத்துக்கு அப்பால் கோட்டை மலை. உச்சிவரை பாறை, ஒன்றின்மேல் ஒன்றாக, யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல்.

"அதுல யானை தெரியுதா?" என்றான்.

தெரியுது என்று பாதிப் பிள்ளைகள் கத்தினார்கள். ஒருவன் அது ஆமை என்றான். ஒரு பெண் எலி என்றாள். மைதானமே சிரித்தது.

"யாரும் அத செதுக்கல. மலை முழுக்கப் பாறை. எண்ணி முடியாது. அத்தினி பாறையில ஒண்ணு யானை மாதிரி இல்லன்னாதான் ஆச்சரியம். நாம எல்லாத்தையும் பாத்துட்டு, யானை மாதிரி இருக்கறத மட்டும் கை காட்டறோம். நானும் அப்படித்தான் தேடனேன். ஆயிரம் எடத்துல தேடி, ஒரு எடத்துல ஒரு மேடு பாத்தேன். அது புதுத் துகளா இருக்கலாம். இல்ல, நம்ம யானைப் பாறையா இருக்கலாம். நாளைக்கு முடிவு வருது. பாறைன்னு வந்தா யாரும் வருத்தப்படாதீங்க. பாறைன்னு கண்டுபிடிக்கறதும் எங்க வேலதான். சால்வய நாளைக்கு மேல பாத்துக்கலாம் சார்."

பேசும்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தது அது. நல்ல சேதி வைத்திருப்பவள் அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்திருப்பாளா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தலைமை ஆசிரியர் மைக்கை வாங்கி, நிறைகுடம் தளும்பாது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும் என்றார். ஒரே கைதட்டல். சால்வையைப் போர்த்தியே விட்டார்கள். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் துகளுக்குத் தானே பால் ஊற்றிவிட்டு மேடையில் ஒருவன் நிற்கிறான், ஊர் அவனுக்குக் கை தட்டுகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது. பத்மா தன் முந்தானையைக் கொடுத்தாள்.

விழா முடிந்து வீட்டுக்கு நடந்தோம். பத்மாவும் நைனாவும் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். பஜார் முழுக்க ஆட்கள் வணக்கம் சொன்னார்கள். கூட்டம் குறைந்த இடத்தில் கேட்டேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"செவ்வாக்கெழமயே. பஸ் ஸ்டாண்டுல."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"பூர்வீகம் தேடறவங்கள நீங்க பண்ற கிண்டல் எனக்குத் தெரியாதா? நைனா நம்புவாரு, நான் நம்புவனா? நல்ல சேதின்னா மெயில்ல வந்துடும்க்கா. கெட்ட சேதிக்குத்தான் ஆளு வரும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். மூன்று நாளாக எனக்கு இலை போட்டு, என் பொய்க்கு முனுசாமிகளைக் கூட்டிவந்த அப்பாவைத் தடுக்காமல், எதையும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறான். நான் சேதியை ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்போதே அதைச் சொல்லி முடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் விதியை உடைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தனியாகப் பார்க்கக் கூடாதே என்றுதான் வந்தேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தெரியும்க்கா. நீங்க நல்லதுக்குத்தான் வந்தீங்க. ஆனா வராம இருந்திருந்தா, நாளைக்கு வரைக்கும் அது என்னுதா இருந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். அதுவரை அவரை நிம்மதியாக விடுங்கள் என்று சொன்ன ஜப்பான்காரர் முகம் வந்து நின்றது. நாலு வருசமாகக் காத்திருந்தவனிடமிருந்து கடைசி மூன்று நாளைப் பிடுங்கிக்கொள்ள நான் விமானத்துக்குப் பணம் கட்டி வந்திருக்கிறேன். அன்பாகச் செய்கிறோம் என்று நினைத்துச் செய்யும் காரியத்தில் எவ்வளவு அன்பு, நம் மனசைக் கழுவிக்கொள்வது எவ்வளவு என்று யார் கண்டது? வீடு வந்தபோது பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பத்மா இலை போட்டு வைத்திருந்தாள். அன்று எனக்கு எட்டு மணிக்குப் பசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். நைனா, முனுசாமி விஷயத்தைத் தாம் விடப்போவதில்லை என்றும் மேல்சித்தாமூர் பக்கம் இன்னொரு வீடு இருப்பதாகவும் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பொய்யையாவது உடைத்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தேன். தேடட்டும். அவருக்கு அதில் சந்தோஷம் இருந்தது. பத்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்து, இருட்டின பிறகும் சாப்பிடலாம், கெடாது என்றாள்.

தரணி என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்து மண்டி வழியாக ஓட்டினான். வாசலில் ஏணி சாத்தியிருந்தது. போர்டு எழுதுகிறவர் மேலே நின்று, காலியாக இருந்த பாதியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்துக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தார். தரணி வண்டியை நிறுத்தவில்லை. என் பேருல ணேவுக்குக் கொம்பை மட்டும் கொஞ்சம் பெரிசா போடுங்க என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான். மதியம் அறிவிப்பைப் பார்ப்பாயா என்று கேட்டேன்.

"பாக்காம? நம்ம வூட்டு எழவுக்கு நாமளே போவலன்னா எப்படி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் டீயைக் குடித்தேன். மடமடவென்று குடித்ததில் நாக்கு வெந்துபோனது.

பேருந்து வந்தது. அவனே ஏறி இடம் பிடித்து, பையை மேலே வைத்து, இந்தத் தடவ தூங்கிடாதீங்க என்று இறங்கி, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். பூ விற்கிறவள், வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர், ஏறுகிறவர், இறங்குகிறவர் என்று ஒரே சத்தம். எஞ்சின் உறுமியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"சரி தரணி, போயிட்டு..."

வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"சொல்லிக்காம போங்கக்கா" என்றான்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.